சலவைக்கல் தரையில் ஒரு கடற்சண்டை

வியாழக்கிழமை பின்னேரங்களில் நான் முழங்காலில் நிற்பேன். கோயிலில் இல்லை. பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில், மூன்றாம் மாடியில், ஒரு பெரிய வீட்டின் வரவேற்பறையில்.

கம்பளத்தைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருப்போம். கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் பதித்த தரை. அதன்மேல் ஒரு முழ நீளத்தில் இரண்டு மரக் கப்பல்கள். பல்கனிப் பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர், புத்தக அலுமாரிப் பக்கத்துக் கதிரையில் இன்னொரு கிழவர். இரண்டு பேருக்கும் குனிய ஏலாது. ஆகவே நடுவில் நான்.

"சிவா, ஒரு கட்டம் முன்னுக்கு!" தள்ளுவேன்.

"இடப்பக்கம் திருப்பு!" திருப்புவேன்.

"சுடு!" இதற்கு நான் வாயால் சத்தம் போட வேண்டும். உண்மையாகத்தான். முதல் நாள் பேசாமல் இருந்தேன். "சத்தம் எங்கை?" என்று கேட்டார்கள். முப்பத்துநாலு வயது ஆம்பிளை, ஒரு பெண்பிள்ளையின் தகப்பன், முழங்காலில் நின்று "டுமீல்" என்று கத்தினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

சென்ற வாரம், பலெர்மோவுக்கு வந்த புதிதில் நான் கழுவிய படிக்கட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்களுக்கு அந்த முதலாளிமாரில் கோபமே வரவில்லையா?" வந்தது அம்மா, நன்றாக வந்தது. அதை இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

தோற்றுப்போன முப்பாட்டன்

அலுமாரிப் பக்கத்துக் கிழவர்தான் வீட்டுக்காரர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் கொமன்தாந்தே, அதாவது கப்பல் தளபதி, என்பார்கள். பேருந்தில் ஏறினாலும் சாரதி அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆள்.

மற்றவர் இரண்டு மாடி மேலே இருந்த வழக்கறிஞர். இத்தாலியர் அவரை அழைக்கும் சொல் கிட்டத்தட்ட எங்கள் ஊர் அப்புக்காத்துதான். அதனால் என் மனதில் அவர் எப்போதும் அப்புக்காத்தர்.

கொமன்தாந்தேயின் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் ஒருவர், பாய்க்கப்பல் காலத்தில், இந்த ஊர் அரசனுக்காக ஒரு ஃபிரிகேட்டை ஓட்டியவராம். ஃபிரிகேட் என்றால் மூன்று பாய்மரம், இரண்டு பக்கமும் வரிசையாகப் பீரங்கி, வேகமாக ஓடக்கூடிய நடுத்தரப் போர்க்கப்பல். உஸ்திக்கா தீவுக்குப் பக்கத்தில் அதே அளவான ஒரு பிரெஞ்சுக் கப்பல் எதிரே வந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம்கூடச் சண்டை நடக்கவில்லை. முப்பாட்டன் கொடியை இறக்கிச் சரணடைந்துவிட்டார்.

அவ்வளவுதான் சண்டை. சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரிதான் என்று கொமன்தாந்தே சொல்லுவார். அந்த இரண்டு வரியும் அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

"கோழை! நான் அந்தக் கப்பலிலை நிண்டிருந்தால் கதை வேறை" என்பார். நின்று காட்டத்தான் இந்த வியாழக்கிழமை விளையாட்டு. அப்புக்காத்தர் பிரெஞ்சுக்காரர். கொமன்தாந்தே முப்பாட்டன். காற்று எப்போதும் பல்கனிப் பக்கத்திலிருந்து வரும். உண்மைச் சண்டையிலும் அந்தத் திசைதானாம். ஒரு தரம் ஒருவர் கட்டளை சொன்னால் மாற்ற முடியாது. குண்டு பட்டதா இல்லையா என்று தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். பட்டால் ஒரு பாய்மரத்தைப் பிடுங்க வேண்டும். மூன்றும் போனால் கொடி இறங்கும். கொடியை இறக்க ஒரு நூல் இருந்தது. அந்த நூலை இழுப்பதும் நான்தான்.

இரண்டு வருடம் விளையாடினார்கள். இரண்டு வருடமும் நான் இழுத்தது கொமன்தாந்தேயின் கொடியைத்தான்.

ஒரு கையெழுத்து

அந்த நேரம் என் மனிசி மலரும் மகள் துளசியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். போருக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ நாள் நடந்தும் வள்ளத்திலும் லொறியிலும் வந்து சேர்ந்தவர்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, பொதுக் குழாய். பொலிஸில் பதிய வேண்டும். பதிந்தாலும் வந்து கதவைத் தட்டுவார்கள். இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர்களை இங்கே எடுக்க எல்லாம் சரியாக இருந்தது. என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, சரி. போர்கோ வெக்கியோப் பக்கத்தில் வாடகைக்கு இரண்டு அறை பார்த்து வைத்துவிட்டேன். வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் நாலு விடியற்காலை வரிசையில் நின்று கேட்டு வந்த விபரம் இதுதான்: இவர் என்னிடம் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார் என்று வேலை தருகிறவர் ஒரு தாளில் ஒப்பமிட்டுத் தர வேண்டும். என்னோடு அறையில் இருந்த அந்தோனி, மன்னார்ப் பெடியன், இத்தாலியன் பாஷை நன்றாக எழுதுவான். தாளை அவனே நிரப்பித் தந்தான். அடியில் வேலை தருகிறவரின் பெயரும் கையெழுத்தும் மட்டும்தான் மிச்சம்.

விளையாட்டு முடிந்ததும் கொமன்தாந்தேயிடம் நீட்டினேன். அன்றும் தோற்றிருந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தோத்த அண்டைக்கு நான் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கிறதில்லை. வெண்ட அண்டைக்குக் கொண்டு வா."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த வியாழன் மறுபடி நீட்டினேன். "வெண்டனானோ?" என்று கேட்டார். அதற்கடுத்த வியாழன் நான் நீட்டவே இல்லை, அவராகவே தலையை ஆட்டினார். இப்படியே எட்டு மாதம்! ஒரு மனுசன் விளையாட்டுக் கப்பலில் வெல்லும்வரை என் பெண்சாதி பிள்ளை லொட்ஜில் கிடக்க வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

இதை நான் மலரிடம் எப்படிச் சொல்வது? ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கூண்டுகள் இருந்தன. ஞாயிறுகளில் வரிசையில் நின்று எடுப்போம்.

"கையெழுத்து வைச்சாச்சோ?"

"இன்னும் இல்லை."

"ஏன்? என்ன சொல்லுறார்?"

தரையில் ஓடும் கப்பல் இன்னும் வெல்லவில்லை என்றா சொல்வது? "அந்தாளுக்குச் சுகமில்லை" என்று சொல்லிவிட்டேன். அடுத்த கடிதத்தில் விபூதி மடித்து வந்தது. பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்கு அவர் பெயரில் அருச்சனை செய்தாளாம். என்ன பெயர் சொன்னாய் என்று கேட்டதற்கு, "கொமன்தாந்தே எண்டுதான் சொன்னனான், ஐயர் ஒருமாதிரிச் சொல்லி முடிச்சார்" என்றாள்.

அந்தோனிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னான்: "அண்ணை, அந்தாளின்ரை பெண்சாதி, அந்தச் சிஞ்ஞோராவிட்டைக் கேளுங்கோவன். நல்ல மனிசி எண்டு சொல்லுறியள்."

"விசரே உனக்கு? வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்க, பெண்சாதியிட்டைப் போய்ப் பேப்பர் விசயம் கதைக்கிறதோ? அந்தாளை மதிக்காத மாதிரி இருக்கும்."

"இப்ப மட்டும் அவர் உங்களை மதிக்கிறாரோ?"

"நீ உன்ரை அலுவலைப் பார்" என்றேன். அவனுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

சமையலறையில் கதைத்ததும் கதைக்காததும்

சிஞ்ஞோரா உயரம் குறைந்த, வேகமாக நடக்கும் பெண். காலையில் நானும் அவவும் கபோச் சந்தைக்குப் போவோம். அவ கத்தரிக்காயைக் கையில் எடுத்து வியாபாரியைத் திட்டுவா, நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்து ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து கூனைப்பூ என்னும் காய்கறி மொட்டுகளின் முள் நுனியை வெட்டுவோம். விரல் கறுத்துப் போகும். எலுமிச்சம்பாதியால் தேய்த்துக் கழுவுவோம். இப்படி மூன்று வருடம்.

அவ வாய் மூடாமல் கதைப்பா. தங்கச்சியின் கால் நோ, மருமகனின் ஊதாரித்தனம், பாதிரியாரின் பிரசங்கம். இடைக்கிடை என்னைக் கேட்பா: "சிவா, வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

"சுகம் சிஞ்ஞோரா."

அவ்வளவுதான் நான் சொல்வது. எங்கள் வளர்ப்பு அப்படி. இன்னொருவர் வீட்டுப் பெண்ணோடு சமைக்கலாம், சந்தைக்குப் போகலாம், ஆனால் சொந்த வீட்டுக் கதை கதைப்பது சரியில்லை. என் வில்லங்கத்தைச் சொன்னால் இரக்கம் கேட்பதுபோல ஆகிவிடும் என்று வேறு ஒரு வீறாப்பு. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காற்றுக்கு நேரே மூக்கு

இதில் இன்னொரு எரிச்சலும் சேர்ந்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பாய்க்கப்பல் தண்டையல். எங்கள் பக்கத்தில் கப்பல் தலைவனுக்கு அதுதான் பெயர். கூரை ஓடுகளும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாகப் போய் வருவார். பதினாலு வயதில் என்னையும் ஏற்றிவிட்டார். கடலைப் பற்றிக் கவிதை பாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆறு வருடமும் சத்தி எடுத்தேன், ஏச்சு வாங்கினேன், எப்போது இறங்குவோம் என்று காத்திருந்தேன். ஆனால் காற்று எனக்குத் தெரியும். ஆறு வருட ஏச்சுக்கு அதாவது மிஞ்சியது.

கொமன்தாந்தே வாழ்க்கை முழுவதும் இயந்திரக் கப்பலில் போனவர். அதற்குக் காற்று எந்தப் பக்கம் இருந்தால் என்ன? பாய்க்கப்பல் அப்படியில்லை. காற்று வரும் திசைக்கு நேரே மூக்கைத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு கப்பல் நின்றுவிடும். விளையாட்டிலும் அந்த விதி இருந்தது: மூக்கு பல்கனியைப் பார்த்தால் அடுத்த முறை நகர முடியாது.

விதி தெரிந்தும் அவர் ஒவ்வொரு வியாழனும் அதையேதான் செய்வார். எதிரி பல்கனிப் பக்கம் நிற்கிறான், ஆகவே நேரே அவன்மேல் போ! "மூக்கைத் திருப்பு, முன்னுக்கு!" கப்பல் அசையாமல் நிற்கும். அப்புக்காத்தர் சுருட்டை ஒரு இழுவை இழுத்து, "பின்னாலை சுத்தி வா, சுடு" என்பார். பிரெஞ்சுக் கப்பல் எங்கள் பின்பக்கம் வந்து முதுகில் சுடும். கப்பலின் முதுகில் பீரங்கியும் கிடையாது, தடிப்பான பலகையும் கிடையாது. குண்டு வால் முதல் மூக்கு வரை துளைத்துக்கொண்டு போகும். முப்பாட்டனுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

ஒரு நாள் தாங்காமல் "ச்சு" என்று வாயில் ஒரு சத்தம் வந்துவிட்டது. கொமன்தாந்தே மேலிருந்து என்னைப் பார்த்தார்.

"நீ இஞ்சை கை. கைக்கு வாய் கிடையாது."

டுமீல் போடும்போது மட்டும் கைக்கு வாய் வேண்டுமாக்கும். மனதுக்குள் கேட்டேன். வெளியே "சரி கொமன்தாந்தே" என்றேன். கையெழுத்து அவரிடம் அல்லவா மாட்டியிருந்தது!

அந்த வியாழன்

அன்று காலை வேலைக்குப் போக முன் மலருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிறு லைன் கிடைக்காமல் எடுக்க முடியவில்லை. லொட்ஜ் முதலாளி கூப்பிட்டுக் கொடுத்தார். முந்தின நாள் பொலிஸ் வந்து அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பகல் முழுவதும் நிலையத்து மர வாங்கில் இருத்தி வைத்திருக்கிறார்கள். புருஷன் எங்கே, ஏன் இன்னும் கூப்பிடவில்லை, உண்மையில் புருஷன் இருக்கிறானா என்று கேட்டார்களாம். துளசிக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டு அழுதிருக்கிறாள்.

மலர் அழவில்லை. என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தாளுக்கு இன்னும் சுகமாகேல்லையோ?"

காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

பின்னேரம் வழமைபோல முழங்காலில் நின்றேன். வெளியே ஷிரொக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கத்துச் சூடான காற்று, தலைக்குள் மணல் போட்டதுபோல இருக்கும். கப்பல்கள் கிட்ட வந்தன. கொமன்தாந்தே கதிரையில் நிமிர்ந்தார்.

"மூக்கைப் பல்கனிப் பக்கம் திருப்பு! ஒரு கட்டம் முன்னுக்கு!"

கப்பலைக் கையில் எடுத்தேன். இன்றைக்கும் தோல்வி. இன்னொரு கிழமை. இன்னொரு வாங்கு. மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன். காற்றை முதுகில் வாங்கி, அலுமாரிப் பக்கமாக ஒரு கட்டம் கொண்டுபோய் வைத்தேன். அப்பா நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பார். இல்லாவிட்டால் எனக்கு அடி விழுந்திருக்கும்.

கொமன்தாந்தே கண்ணாடி போடாத ஆள். விளையாட்டின்போது போட்டால் கௌரவக் குறைவாம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புக்காத்தரோ இரண்டு வருடப் பழக்கத்தில் தரையைப் பார்க்காமலே சொன்னார்: "பின்னாலை சுத்தி வா." சொன்ன பிறகுதான் பார்த்தார். அவருடைய புருவம் மேலே போயிற்று. ஆனால் சொன்ன கட்டளை சொன்னதுதான்.

பிரெஞ்சுக் கப்பல் எங்கள் முதுகைத் தேடி வந்தது. முதுகு அங்கே இல்லை. வந்த வேகத்தில் எங்களைக் கடந்து போய், தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதுமட்டும் கொமன்தாந்தேக்குத் தெரிந்தது. "சுடு! சுடு!" என்று கத்தினார். நான் போட்ட டுமீலுக்குச் சரவிளக்குக் கண்ணாடிகள் கிலுங்கின. முதல் பாய்மரம் போயிற்று. அப்புக்காத்தர் தப்பப் பார்த்தார். காற்று வரும் பக்கம் திரும்பி வர அவருக்கு வழி இல்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது முறை கொமன்தாந்தே தாயக்கட்டையை உருட்டினார், மூன்றாவதும் போயிற்று.

முதல்முறையாக மற்றக் கப்பலின் நூலை இழுத்தேன்.

கிழவர் எழுந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைத் தூக்கி நிறுத்தி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "தாள்! சிவா, உன்ரை தாளைக் கொண்டா!" அது எட்டு மாதமும் என் சட்டைக்குள், பிளாஸ்டிக் உறையில்தான் இருந்தது. கொடுத்தேன். மேசையில் விரித்தார். தடித்த கறுப்புப் பேனையின் மூடியைத் திருகினார்.

அந்த நேரம் பார்த்து அப்புக்காத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிராவோ சிவா! காத்தோடை சுத்தித் திருப்பின அந்தத் திருப்பு அருமை. எங்கை பழகினனீ?"

பாவம், மனுசன் என்னைப் பாராட்டினார். தாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கொமன்தாந்தேயின் பேனை அந்தரத்தில் நின்றது. "என்ன திருப்பு? நான் சொன்னபடிதானே திருப்பினான்?"

"நீங்கள் எப்பவும்போலை மூக்கைப் பல்கனிக்குத் திருப்பச் சொன்னனீங்கள்" என்றார் அப்புக்காத்தர்.

"சிவா! நான் சொன்னபடிதானே செய்தனீ?"

பொய் சொன்னேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், "ஓம், நீங்கள் சொன்னபடிதான்" என்று பொய் சொன்னேன். இன்னும் நூறு பொய் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் என் முகத்துக்குப் பொய் வராது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பேனையின் மூடியைப் பூட்டினார்.

"அப்ப இண்டைக்கு நான் வெல்லேல்லை. அடுத்த வியாழன் பாப்பம்."

கைக்கு வாய் வந்தது

அதற்குமேல் நான் கத்தியதில் பாதி இத்தாலியன், பாதி தமிழ். அப்புக்காத்தரின் சுருட்டு விழுந்தது மட்டும் ஞாபகம்.

"ஓம், நான்தான் திருப்பினனான்! நீங்கள் சொன்னபடி விட்டிருந்தால் இண்டைக்கும் தோத்திருப்பியள்! ரெண்டு வருசமாக் காத்துக்கு முன்னாலை மூக்கைக் கொண்டுபோய் நீட்டிப்போட்டு முப்பாட்டனைக் கோழை எண்டுறியள். அந்தாள் ஏன் கொடியை இறக்கினவர்? கப்பலிலை இருந்த அவ்வளவு சனத்துக்கும் கரையிலை மனிசி பிள்ளையள் இருந்தவை. அதுகள் வீடு போய்ச் சேரவேணும் எண்டு நினைச்சார். அது மனுசன்! நீங்கள் என்ரை மனிசி பிள்ளையை எட்டு மாசமா இந்த விளையாட்டுச் சாமானிலை கட்டி வைச்சிருக்கிறியள்!"

கொமன்தாந்தேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ போனால் மலர். எல்லாவற்றையும் ஒரு வாயால் முடித்துவிட்டேன்.

"ஆற்றை மனிசி?"

வாசலில் சிஞ்ஞோரா. கையில் கோப்பித் தட்டு.

"ஆற்றை பிள்ளை?" என்று மறுபடி கேட்டா.

"என்ரை, சிஞ்ஞோரா."

"நீ கலியாணம் கட்டினவனோ?"

மூன்று வருடம் ஒரே மேசையில் கூனைப்பூ வெட்டிய பெண் என்னைப் பார்த்துக் கேட்கிறா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தட்டை வைத்துவிட்டு மேசைக்கு வந்தா. கையை ஏப்ரனில் துடைத்து, தாளை எடுத்துப் படித்தா. இரண்டாம் முறையும் படித்தா.

"இதிலை இவர் ஏன் கையெழுத்து வைக்கவேணும்? சிவா, உன்ரை வேலைப் புத்தகத்திலை ஆற்றை பேர் இருக்கு?"

வேலைப் புத்தகம் என் சூட்கேசில், சாமிப் படங்களுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதில் வேலை தருகிறவர் என்ற இடத்தில் வேறு ஏதோ ஒரு பெயர். அது கொமன்தாந்தேயின் குடும்பப் பெயர் இல்லை. அலுவலகத்தில் எழுதிய கிளார்க்கின் பெயராக்கும் என்று மூன்று வருடமும் நினைத்திருந்தேன்.

"அது நான்" என்றா சிஞ்ஞோரா.

இத்தாலியில் கலியாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. தகப்பன் வீட்டுப் பெயர் சாகும்வரை அவளுடையது. எங்கள் ஊரில் மலர் கட்டிய அன்றே திருமதி சிவபாலன். புருஷன் பெயர்தான் வீட்டின் பெயர் என்று நினைக்கும் மூளைக்கு வேறு எதுவும் எட்டவில்லை. வீடும் அவவின் தகப்பன் கொடுத்த வீடு. தாள்களின்படி எனக்கு வேலை தந்தவ அவ. கொமன்தாந்தேயின் கையெழுத்தோடு அந்தத் தாளைக் கொண்டு போயிருந்தால் குவெஸ்தூராவில் முகத்தில் எறிந்திருப்பார்கள்.

நான் கொமன்தாந்தேயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியும். முதல் வியாழனே தெரியும்! தன் கையெழுத்து அதில் செல்லாது என்று தெரிந்துகொண்டுதான் எட்டு மாதம் என்னைக் கெஞ்ச வைத்தார். ஒருவன் தன்னிடம் வந்து கையேந்தி நிற்பது அவருக்கு ருசித்திருக்கிறது. மனைவி வீட்டில், மனைவி சொத்தில் இருக்கும் ஒரு மனுசனுக்கு, ஒருவனாவது கொமன்தாந்தேயாக நம்பினால் போதும் என்று இருந்திருக்கும். அதற்கு விலை கொடுத்தது பொலிஸ் வாங்கில் காய்ச்சலோடு இருந்த என் பிள்ளை. வயது போன ஆள், மன்னித்துவிடு என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

சிஞ்ஞோரா அதே கறுப்புப் பேனையை எடுத்துத் தன் பெயரை எழுதி, நின்றபடியே ஒப்பமிட்டா. மை காய ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"நீ ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றா. கோபமாகத்தான் கேட்டா. "ஒவ்வொரு நாளும் முன்னாலைதானே இருந்தனான்?"

அப்புக்காத்தர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாது சிவா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அதன்பிறகு அவர் ஒரு வியாழனும் வரவில்லை.

மலர் கேட்டது

மலரும் துளசியும் வெயில்காலம் தொடங்கும் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். துளசி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று அந்தோனியும் கூட இருந்து சோறு சாப்பிடும்போது மலருக்கு எல்லாம் சொன்னேன். கப்பல், காற்று, டுமீல், கையெழுத்து, அவள் அருச்சனை செய்த நோயாளியின் உண்மை நிலைமை. கொமன்தாந்தேயைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். நானும் கூடச் சேர்ந்து திட்டத் தயாராக இருந்தேன்.

அவள் கையைச் சோற்றுக் கோப்பையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அந்தாள் ஆரோ ஒரு கிழவன். நீங்கள் அந்த மனிசியோடை மூண்டு வருசம் ஒரு குசினியிலை நிண்டிருக்கிறியள். எனக்கொரு மனிசி இருக்கிறாள் எண்டு ஒரு சொல் உங்கடை வாயிலை வரேல்லையோ?"

"அப்பிடிச் சொல்லிற பழக்கம்..."

"புருஷன் உண்மையிலை இருக்கிறானோ எண்டு பொலிஸ்காரன் என்னைக் கேட்டவன். நான் இருக்கிறார், இருக்கிறார் எண்டு கத்தினனான். இஞ்சை நான் இருக்கிறன் எண்டு நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அந்தோனி எழுந்து கோப்பையோடு வெளியே போய்விட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு மலர் கேட்டாள்: "மனிசி எண்டதுக்கு இத்தாலியனிலை என்ன சொல்லுறது?"

"மோல்யே."

"நான் எண்டதுக்கு?"

"இயோ."

மறுநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் வெளிக்கிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை. லிபெர்த்தாவில் மூன்று மாடியும் எனக்கு முன்னால் ஏறினாள். மணியை அவளே அழுத்தினாள். சிஞ்ஞோரா கதவைத் திறந்து, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தா. நான் அறிமுகம் செய்ய வாயைத் திறந்தேன். மலர் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் நெஞ்சில் கையை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்:

"இயோ. சிவா. மோல்யே."